நெக்ரானுவா, போல்க்கா? போக்கர் ஆட்டக்காரர்களை ஒப்பிடுவது எப்படி

2020 நவம்பர் 4. லாஸ் வேகஸில் ஒரு ஸ்டூடியோவில் டேனியல் நெக்ரானுவும் டக் போல்க்கும் எதிரெதிரே உட்கார்ந்து 200 கை, அதாவது 200 சுற்று, போக்கர் ஆடினார்கள். நெக்ரானு 1,16,500 டாலர் லாபத்தில் எழுந்தார். பல வருஷமாக ஒருவரை ஒருவர் பொதுவில் திட்டிக்கொண்டிருந்தவர்கள் என்பதால், அன்றைக்கு நெக்ரானுவின் ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்று மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 4 அன்று, இதே போட்டி 25,000 கையோடு முடிந்தபோது 12,01,807 டாலர் லாபத்தில் இருந்தவர் போல்க்.

ஆட்டம் அதேதான், ஆட்களும் அதே இருவர்தான். முதல் நாளில் ஒரு பதில், கடைசி நாளில் நேர் எதிர்ப் பதில். எதை நம்புவது? போக்கரில் இரண்டு ஆட்டக்காரர்களை ஒப்பிட விரும்பும் எவரும் முதலில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடவேண்டும். போக்கரே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். பணம் வைத்து ஆடச் சொல்லித் தருகிற கட்டுரை இல்லை இது, வேடிக்கை பார்ப்பவருக்கானது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பேசுவது டெக்ஸஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள், அதை அவர் மட்டும் பார்க்கலாம். பிறகு மேசை நடுவில் மூன்று சீட்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், விட்டுவிட்டு ஒதுங்கலாம். கடைசிவரை நிற்பவர்களில் சிறந்த ஐந்து சீட்டு சேர்க்கை வைத்திருப்பவருக்கு நடுவில் குவிந்த பணம் போகும். மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கிவிட்டால் சீட்டைக் காட்டாமலே வெல்லலாம், ப்ளஃப் என்பது அதற்குத்தான். சீட்டு பகிர்ந்ததிலிருந்து பணம் ஒருவர் பக்கம் போய்ச் சேரும் வரை உள்ள ஒரு சுற்றைத்தான் ஒரு கை என்கிறார்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக ஒரு தொகை போட்டாகவேண்டும், சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று. நெக்ரானு, போல்க் போட்டியில் அது 200 டாலர், 400 டாலர்.

இந்தப் பெரிய பிளைண்ட்தான் போக்கரில் அளவுகோல். டாலரை வைத்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டுப்போகும். 200/400 மேசையில் ஒருவர் 1 லட்சம் டாலர் வென்றால் அது 250 பெரிய பிளைண்ட்தான். 5/10 மேசையில் இன்னொருவர் அதே எண்ணிக்கைக் கைகளில் 20,000 டாலர் வென்றால் அது 2,000 பெரிய பிளைண்ட். பணம் ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் தன் மேசையில் எதிராளிகளை எட்டு மடங்கு அதிகமாகக் கறந்திருக்கிறார். எதிராளிகளின் தரம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது என்பது வேறு விஷயம். எப்படியும் 100 கைக்கு எத்தனை பெரிய பிளைண்ட் லாபம் என்று பார்ப்பதுதான் வழக்கம். கடினமான ஆன்லைன் மேசைகளில் 100 கைக்கு நாலைந்து பிளைண்ட் நிலையாக எடுப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது அந்த முதல் நாளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1,16,500 டாலர் என்றால் ஏறக்குறைய 291 பிளைண்ட். 200 கையில் வந்தது, ஆகவே 100 கைக்கு சுமார் 146. உலகத்தில் எந்த ஆட்டக்காரரும் இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரரிடம் நிலையாக எடுக்கவே முடியாத வேகம் இது. எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிடுகிறது, இதில் பெரும்பகுதி சீட்டு விழுந்த விதம். போல்க்கின் கடைசிக் கணக்கு 3,000 பிளைண்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, 100 கைக்கு 12. முதல் நாளின் வேகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆனால் மதிப்பு கூடுதல், ஏனென்றால் அது 25,000 கை நின்ற எண்.

சரி, ஏன் இவ்வளவு கை தேவைப்படுகிறது? செஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் 14 ஆட்டம் ஆடினார்கள், ஏழரைக்கு ஆறரை என்று முடிந்தது, குகேஷ் உலக சாம்பியன். செஸ்ஸில் 14 ஆட்டம் போதும் என்று உலகம் ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் பலகையில் ஒளிந்திருப்பது ஒன்றும் இல்லை, பகடையும் இல்லை. போக்கரில் 14 கை என்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் நேற்று ஆட்டம் கற்றுக்கொண்டவர்கூட உலகத்தின் மிகச் சிறந்தவரை வென்றுவிட்டுப் போகலாம், அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இதை ஒரு கையை வைத்தே காட்டலாம். உங்களிடம் ஏஸ் ஜோடி, எதிராளியிடம் ராஜா ஜோடி. பொதுச் சீட்டு எதுவும் திறக்கும் முன்பே இருவரும் தலைக்கு 40,000 டாலரை மொத்தமாக நடுவில் தள்ளிவிட்டீர்கள், அதுதான் ஆல்-இன். நீங்கள் வெல்லும் வாய்ப்பு 82 சதவீதம் அளவில். நடுவில் 80,000 இருக்கிறது, அதில் உங்கள் நியாயமான பங்கு 65,600, அதாவது இந்தக் கையில் உங்களுக்குச் சேரவேண்டிய லாபம் 25,600 டாலர். ஆனால் அந்த 25,600 உங்கள் கைக்கு ஒருநாளும் வராது. ஒன்று 40,000 வரும், இல்லை 40,000 போகும். ராஜா விழுந்துவிட்டால் உங்கள் கணக்கில் நஷ்டம்தான் ஏறும், நீங்கள் தப்பே செய்யாதபோதும். இதனால்தான் தீவிரமாக ஆடுபவர்கள் உண்மையில் வந்த பணம் ஒரு பத்தி, ஆல்-இன் ஆன நேரத்தில் நியாயமாகச் சேரவேண்டியது ஒரு பத்தி என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தின் ஒரு பகுதி. ஒரு பகுதிதான். முதல் இரண்டு சீட்டு நல்லதாக வந்ததா, எதிராளி ப்ளஃப் அடித்த நேரத்தில் நம்மிடம் தாங்குகிற சீட்டு இருந்ததா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

இந்த ஏற்ற இறக்கத்தை வேரியன்ஸ் என்கிறார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் புரிந்துகொண்டால் போதும், பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. திறமையால் வரும் லாபம் கைகளின் எண்ணிக்கையோடு நேராக வளரும், அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளரும். நூறு மடங்கு கை ஆடினால் திறமையின் பங்கு நூறு மடங்காகும், அதிர்ஷ்டத்தின் பங்கு பத்து மடங்கு மட்டுமே ஆகும். இருவர் மட்டும் ஆடும் ஹெட்ஸ்-அப் ஆட்டத்தில் 100 கைக்கு இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழுமாக 140 பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம், அது நியாயமான ஒரு மதிப்பீடு. மூன்று தடவையில் இரண்டு தடவை முடிவு இந்த எல்லைக்குள் விழும் என்று இதற்கு அர்த்தம். ஒருவர் தன் எதிராளியைவிட 100 கைக்கு 5 பிளைண்ட் உயர்ந்தவர் என்றும் வைத்துக்கொள்வோம். 100 கையில் திறமை 5, அதிர்ஷ்டம் 140, ஒன்றும் தெரியாது. 10,000 கையில் திறமை 500, அதிர்ஷ்டம் 1,400, இன்னும் அதிர்ஷ்டம்தான் பெரியது. இரண்டும் சமமாகவே சுமார் 78,000 கை ஆகிவிடும். 10 லட்சம் கை ஆடினால் திறமை 50,000, அதிர்ஷ்டம் 14,000, அங்கேதான் சந்தேகமே இல்லாமல் தெரியும்.

ஒன்பது பேர் உட்காரும் நேரடி மேசையில் மணிக்கு 30 கைபோல ஓடும். 78,000 கைக்கு 2,600 மணி நேரம், தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 325 நாள். தொலைக்காட்சியில் ஒரு மாலை பார்த்துவிட்டு இவர் பெரியவர், அவர் சின்னவர் என்று முடிவு கட்டுவதில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

அப்படியானால் போல்க்கின் 25,000 கை போதுமா? இதே மதிப்பீட்டில் 25,000 கைக்கு அதிர்ஷ்டத்தின் எல்லை மேலும் கீழுமாக 2,200 பிளைண்ட் சொச்சம். போல்க் வென்றது 3,000. இருவரும் சரிசமமான ஆட்டக்காரர்களாக இருந்திருந்தாலும் பதினொரு தடவையில் ஒரு தடவை போல்க் இவ்வளவோ இதற்கு மேலோ வென்றிருப்பார். மூன்று மாதம், 12 லட்சம் டாலர், அவ்வளவுக்குப் பிறகும் சந்தேகத்துக்கு இவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது! நான் இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்தபோது எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அந்தப் போட்டி நடந்தது நம்மூர் நேரத்துக்கு விடியற்காலையில், எத்தனையோ நாள் சீக்கிரம் எழுந்து பார்த்தவன் என்பதால், பார்த்ததெல்லாம் இவ்வளவுதான் நிரூபித்ததா என்று மனசு ஒப்பவில்லை.

ஆனாலும் ஹெட்ஸ்-அப் ஹோல்டெமில் போல்க்தான் மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் இந்த ஒரு முடிவு மட்டும் இல்லை. போல்க் பேர் வாங்கியதே இந்த வகை ஆட்டத்தில்தான். 2013-இலேயே பென் சல்ஸ்கி என்ற மிகவும் மதிக்கப்பட்ட ஆன்லைன் ஆட்டக்காரரோடு 15,000 கை ஹெட்ஸ்-அப் சவால் ஆடி வென்றவர். நெக்ரானு வளர்ந்தது நேரடி மேசைகளிலும் பெரிய போட்டிகளிலும், போல்க்கோடு ஆடுவதற்காகவே பயிற்சியாளர்களை வைத்துக்கொண்டு கணினி மென்பொருளோடு உட்கார்ந்து படித்தார். ஆட்டம் தொடங்கும் முன்பே பந்தயச் சந்தை முழுக்க போல்க் பக்கம்தான் சாய்ந்திருந்தது. முன்பே தெரிந்ததையும் புதிதாக வந்த முடிவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், முடிவை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டால் முதல் நாள் நெக்ரானு ரசிகர்கள் செய்த அதே தப்புதான். முதல் நாளின் முடிவும் கடைசி முடிவும், அதிர்ஷ்டத்தால் மட்டும் வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தால், கிட்டத்தட்ட ஒரே அளவு அபூர்வமானவை. ஒன்றை நாம் நம்பாமல் மற்றதை நம்புவதற்குக் காரணம், ஒன்று முன்பே தெரிந்ததோடு மோதுகிறது, மற்றது பொருந்துகிறது.

இந்த ஒரு போட்டியைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், போக்கரில் இப்படி ஒழுங்காக ஏற்பாடு செய்த ஒப்பீடு அபூர்வம். ஒரே ஆட்டம், ஒரே பந்தய அளவு, ஒவ்வொரு கையின் தொடக்கத்திலும் குறைந்தது 40,000 டாலர், எத்தனை கை என்று முன்கூட்டியே ஒப்பந்தம். பாதி தூரத்தில், 12,500 கையில், தோற்றுக்கொண்டிருப்பவர் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது, நெக்ரானு விலகவில்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இதற்கு ஒரு மாற்று உதாரணம் அதே வருஷத்திலேயே இருக்கிறது. 2021-இல் நெக்ரானு இன்னொரு ஹெட்ஸ்-அப் தொடரில் ஃபில் ஹெல்முத்தோடு மூன்று முறை மோதினார், மூன்றிலும் தோற்றார். போல்க் நெக்ரானுவை வென்றார், ஹெல்முத்தும் நெக்ரானுவை வென்றார், அதுவும் மூன்றுக்கு சைபர், அப்படியானால் ஹெல்முத் போல்க்குக்குச் சமமா? இல்லை, இந்த வரியில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஹெல்முத்தோடு ஆடியது போட்டி வடிவம்: குறிப்பிட்ட அளவு சில்லு (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டு), நேரம் போகப்போக ஏறும் பிளைண்ட், ஒருவரிடம் சில்லு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கடைசியில் பிளைண்ட் ஏறி சில்லு குறைந்த நிலையில் ஒரு ஆல்-இன், ஒரு சீட்டு, முடிவு மாறிவிடும். முதல் மோதலில் ஒரு கட்டத்தில் ஹெல்முத்திடம் மிகச் சொற்ப சில்லுதான் மிஞ்சியிருந்தது, அங்கிருந்து திரும்பி வந்து வென்றார். அப்புறம், மூன்று மோதல் என்பது மூன்றே மூன்று முடிவு. சமமான இருவர் ஆடினாலும் ஒரு குறிப்பிட்ட ஆள் மூன்றையும் வெல்ல எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு, நாணயத்தை மூன்று முறை சுண்டுகிற கணக்குதான்.

ஹெல்முத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாயிற்று, அவரை ஃபில் ஐவியோடு ஒப்பிடும் பழைய சண்டையையும் தொட்டுவிடலாம், ஏனென்றால் அங்கே பிரச்சினை வேறு. லாஸ் வேகஸில் வருஷாவருஷம் நடக்கும் உலகத் தொடர் போட்டிகளில் வென்றவருக்கு ஒரு கைச்சங்கிலி தருவார்கள், பிரேஸ்லெட். 2024 முடிய ஹெல்முத்திடம் 17, வேறு யாரிடமும் இவ்வளவு இல்லை. ஐவியிடம் 11. எண்ணைப் பார்த்தால் விவாதமே இல்லை. ஆனால் ஹெல்முத்தின் முதல் 11 பிரேஸ்லெட்டும் ஹோல்டெமில் வந்தவை. ஐவியின் 11-இல் ஹோல்டெம் மட்டும் ஆடிய போட்டி ஒன்றுகூட இல்லை: ஓமஹா, ஸ்டட், சீட்டு மாற்றி எடுக்கும் டிரா வகைகள், எல்லாம் கலந்த ஆட்டங்கள். ஒரே எண்ணிக்கைப் பட்டியலில் இருவரையும் வைக்கிறோம், ஆனால் அவர்கள் ஆடியது ஏறக்குறைய வேறு வேறு விளையாட்டு. இதில் என் சாய்வை மறைக்க விரும்பவில்லை, எத்தனை வகை ஆட்டம் வந்தாலும் தடுமாறாமல் ஆடுபவரைத்தான் நான் பெரிய ஆட்டக்காரர் என்பேன், ஆகவே எனக்கு ஐவிதான். ஹோல்டெம் போட்டிகளில் பல பேரைத் தாண்டி மறுபடி மறுபடி மேலே வருவது தனித் திறமை என்று நினைப்பவர் ஹெல்முத்தைச் சொல்வார், அது தவறில்லை, கேள்வி வேறு என்பதால் பதிலும் வேறு.

காலத்தையும் பார்க்கவேண்டும். 1989-இல் ஹெல்முத் 24 வயதில் அந்தத் தொடரின் பிரதானப் போட்டியை வென்றபோது ஆடியவர்கள் 178 பேர், கடைசியில் அவர் வீழ்த்தியது அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் தொடர்ந்து வென்றிருந்த ஜானி சானை. 2023-இல் அதே போட்டிக்கு 10,043 பேர். பத்தாயிரம் பேரில் உலகின் மிகச் சிறந்தவர் ஆடினாலும் அந்த வருஷம் அவர் வெல்லும் வாய்ப்பு மிகச் சிறியது. ஆனால் மறுபக்கம், அன்றைக்கு ஒரு கோடையில் இருபதுக்கும் குறைவான பிரேஸ்லெட் போட்டிகள், இன்றைக்கு தொண்ணூறுக்கு மேல். அன்று ஒரு பிரேஸ்லெட், இன்று ஒரு பிரேஸ்லெட் என்று நேராக வைத்துக் கூட்டிக்கழிக்க முடியாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது மொத்தப் பரிசுத்தொகைப் பட்டியலில். அதில் இருப்பது ஒருவர் வாங்கிய பரிசு மட்டும், அதற்காகக் கட்டிய நுழைவுக் கட்டணம் கழிக்கப்படவில்லை. மளிகைக் கடைக்காரரின் வருமானத்தைச் சொல்லச் சொன்னால் கல்லாவில் விழுந்த மொத்தத்தைச் சொல்வது மாதிரி, கொள்முதலைக் கழிக்காமல். நெக்ரானுவே தன் வரவுசெலவைப் பொதுவில் வெளியிடுகிறவர்: 2017-இல் 28 லட்சம் டாலருக்கு நெருக்கமாகப் பரிசு வாங்கியும் அந்த வருஷப் போட்டிகளை அவர் முடித்தது நஷ்டத்தில். பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது பிரமாதமான வருஷம். அது போக, பெரிய கட்டணப் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் தங்கள் பங்கை மற்றவர்களுக்கு விற்றுவிட்டு ஆடுவதும் சகஜம், பரிசு அவர் பெயரில் ஏறும், பணம் பல பைகளுக்குப் போகும்.

2019 ஆகஸ்டில் லண்டனில் நடந்த ட்ரைட்டன் மில்லியன் இதன் உச்சம். நுழைய 10.5 லட்சம் பவுண்டு, அதில் 50,000 அறப்பணிக்கு. கடைசியில் மிஞ்சிய ஆரன் ஸாங், பிரின் கென்னி இருவரும், அப்போது இருந்த சில்லுக்கு ஏற்ப பணத்தைப் பிரித்துக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள், அந்த நேரத்தில் கென்னியிடம் சில்லு அதிகம். ஆட்டம் தொடர்ந்தது, கோப்பையை வென்றவர் ஸாங். ஆனால் அவருக்கு 1.37 கோடி பவுண்டு சொச்சம், இரண்டாவதாக வந்த கென்னிக்கு 1.68 கோடிக்கு மேல். அந்த ஒரே போட்டி கென்னியைப் பரிசுத்தொகைப் பட்டியலின் முதலிடத்துக்குத் தூக்கியது. கென்னி திறமையான ஆட்டக்காரர், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 10 லட்சம் பவுண்டு கட்டணப் போட்டியில் ஒரு தடவை உட்காராத ஒருவர் அந்தப் பட்டியலில் அவரைத் துரத்திப் பிடிக்க எத்தனை சாதாரணப் போட்டிகளை வெல்லவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

போட்டிகளை விட்டுவிட்டு கேஷ் கேம் எனப்படும் நேரடிப் பண ஆட்டத்துக்கு வந்தால் இன்னொரு சிக்கல், யாரோடு உட்கார்ந்தார்கள் என்பது. 2006 பிப்ரவரியில் ஆண்டி பீல் என்ற டெக்ஸஸ் வங்கியாளரிடம் ஐவி மூன்று நாளில் 1.6 கோடி டாலருக்கு மேல் வென்றார், தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் பணம் சேர்த்து அமைத்த குழுவின் சார்பில் ஆடியது. நம்பமுடியாத தொகை, ஐவியின் நெஞ்சுரத்துக்கு நல்ல சாட்சி. ஆனால் போட்டியாளர்களை ஒப்பிட அது உதவாது, எதிரே இருந்தவர் இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரர் இல்லையே. பலவீனமான மேசையைத் தேடிப்பிடித்து உட்காருவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமைதான், பலர் அதில்தான் வாழ்கிறார்கள், ஆகவே லாபத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் அளப்பது சீட்டு ஆட்டத்தையா மேசை தேடும் புத்தியையா என்று பிரிக்க முடியாது.

அடுத்த தடவை யாராவது இரண்டு பெயரைச் சொல்லி யார் பெரியவர் என்று கேட்டால் எந்த ஆட்டம், எத்தனை பேர் மேசை, எத்தனை கை என்று திருப்பிக் கேளுங்கள். ஹெட்ஸ்-அப்பில் பிளைண்ட் இரண்டும் உங்களுக்கும் எதிராளிக்கும்தான் மாறி மாறி வரும், ஒதுங்கிக்கொண்டே இருந்தால் பணம் கரைந்துவிடும், ஆகவே சுமாரான சீட்டோடும் இறங்கியாகவேண்டும். ஒன்பது பேர் மேசையில் பெரும்பாலான சீட்டை வந்த கையோடு விட்டுவிட்டு நல்ல இடத்துக்குக் காத்திருப்பதே திறமை. ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் மற்றதிலும் அப்படி இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நெக்ரானு 2024 கோடையில் 50,000 டாலர் கட்டண பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றார். பல வகைப் போக்கரையும் மாற்றி மாற்றி ஆடவைக்கும், தொழில்முறை ஆட்டக்காரர்கள் பிரேஸ்லெட்டுகளிலேயே மிகவும் மதிக்கும் போட்டி அது, அவருடைய ஏழாவது பிரேஸ்லெட். பரிசு 11.8 லட்சம் டாலர் அளவில், போல்க்கிடம் இழந்த தொகைக்கு ரொம்பப் பக்கத்தில். அன்றைக்கு எனக்கும் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தத் தொகையில் நுழைவுக் கட்டணம் கழிக்கப்படவில்லை, ஆடியவர்கள் நூறு பேருக்கும் குறைவு, அது ஒரே ஒரு போட்டி, அப்புறம் அந்த மேசையில் போல்க் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை.